மலை இறங்கும்போது மட்டும் எரிந்து அணையும் ஏபிஎஸ், டிராக்‌ஷன், பிரேக் விளக்குகள்: மாட்யூலை மாற்றுவதற்கு முன்

முதலில் நீங்கள் சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கேத்தி பாலாடாவில் தோட்டம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டபுள் கேபின் டீசல் பிக்கப், ஃபோர் வீல் டிரைவ். குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும்போது, அதுவும் கொண்டை ஊசி வளைவுகளில், மீட்டரில் ஏபிஎஸ் விளக்கும் வழுக்கும் கார் படம் போட்ட டிராக்‌ஷன் விளக்கும் மஞ்சளாக எரிகின்றன. சில நாள் சிவப்பு பிரேக் விளக்கும் வருகிறது. வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் எல்லாம் போய்விடுகிறது. மழை பெய்த மறுநாள் காலையில் தொந்தரவு அதிகம். ஓர் ஒர்க்‌ஷாப்பில் முன் இடது சக்கரத்தின் சென்சாரை மாற்றினார்கள். சில வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் பழைய கதை. இப்போது இன்னோர் இடத்தில் ஏபிஎஸ் மாட்யூல் (ஏபிஎஸ்ஸை இயக்கும் கணினிப் பெட்டி) போய்விட்டது என்று சொல்லி பெரிய தொகை கேட்கிறார்கள். மாற்றலாமா?

மாற்றாதீர்கள். குறைந்தபட்சம் இப்போது வேண்டாம். நீங்கள் சொன்ன அறிகுறிகளில் மாட்யூலைக் காட்டிக்கொடுப்பது எதுவும் இல்லை. வயரையும் கனெக்டரையும் காட்டுவதுதான் நிறைய இருக்கிறது.

மூன்று விளக்கு எரிந்தால் மூன்று பழுது என்று நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. நான்கு சக்கரத்திலும் ஆளுக்கொரு வேக சென்சார் இருக்கிறது. பிரேக் போடும்போது எந்தச் சக்கரம் பூட்டிக்கொள்கிறது என்று ஏபிஎஸ் பார்ப்பதும், ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது எந்தச் சக்கரம் சும்மா சுற்றுகிறது என்று டிராக்‌ஷன் கன்ட்ரோல் பார்ப்பதும் இதே நான்கு சென்சாரை வைத்துத்தான். ஒரு சக்கரத்தின் கணக்கு ஒரு நொடி வராமல் போனாலும் மாட்யூல் அதை நம்பாமல் இரண்டு வேலையையும் நிறுத்திவிடும், இரண்டு விளக்கையும் போட்டுவிடும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது தன்னைத்தானே சோதித்துப் பார்க்கும், எல்லாம் சரியாகத் தெரிந்தால் விளக்கை அணைக்கும். உங்கள் வண்டியில் நடப்பது இதுதான். மாட்யூல் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் சிவப்பு விளக்கு வேறு விஷயம். அதை முதலில் பேசிவிடுவோம்.

மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் அப்படியே இருக்கும். அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கலாம், அவ்வளவுதான். ஏபிஎஸ் இல்லாத பழைய ஜீப்பில் இறங்குவது போல இடைவெளி விட்டு, மெதுவாக இறங்கலாம். சிவப்பு எரிந்தால் மூன்று காரணங்களில் ஒன்று: ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கவில்லை, பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது, அல்லது முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் விசையைப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடும் (இபிடி என்பார்கள்) சேர்ந்து படுத்துவிட்டது. மூன்றாவதில் பின் சக்கரங்கள் முன் சக்கரங்களுக்கு முன்பாகப் பூட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. காலியான பிக்கப்பில், ஈர ரோட்டில், வளைவில் அது நடந்தால் வண்டியின் பின்பக்கம் வெளியே வீசும்.

ஆகவே நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியது, சிவப்பு தனியாக வருகிறதா, மஞ்சளோடு ஒரே நேரத்தில் வருகிறதா என்பது. இறக்கத்தில் மட்டும், பிரேக்கில் கால் வைக்கும்போது, தனியாக மினுக்கிவிட்டுப் போனால் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். ஆயில் டப்பாவுக்குள் ஒரு மிதவை இருக்கிறது. வண்டி மூக்கைக் கீழே வைத்து இறங்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஆயில் முன்பக்கம் ஒதுங்கும். மட்டம் ஏற்கெனவே கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் மிதவை இறங்கி விளக்கைப் போட்டுவிடும். சமதரையில் நிறுத்திப் பார்த்தால் கோட்டுக்கு மேலே சரியாகத்தான் தெரியும். அதனாலேயே பலர் "ஆயில் எல்லாம் இருக்கே" என்று மூடிவிடுகிறார்கள்.

குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்ப வேண்டாம். பிரேக் ஆயில் எரிந்து குறையும் பொருள் இல்லை. ஒன்று எங்கோ கசிகிறது, இல்லை பேட் தேய்ந்திருக்கிறது. பேட் தேயத் தேய, அதை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பருக்குள் பிஸ்டன் வெளியே தள்ளி நிற்கும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், மேலே டப்பாவில் மட்டம் இறங்கும். மலையில் ஓடும் வண்டிக்குப் பேட் சீக்கிரமே தேயும் என்பது உங்களுக்கே தெரியும். முதலில் பேடைப் பாருங்கள், பின்னால் டிரம்மின் உட்புறம் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் ஆயில். எந்தத் தரம் என்று மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பிறகு அது 140 வரை இறங்கலாம். டாட் 4 என்றால் 230, 155. நம் மலையில் வருடத்தில் பாதி நாள் மூடுபனி. ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஆயில் கொதித்தால் உள்ளே குமிழி உண்டாகி பெடல் பஞ்சு மாதிரி இறங்கிவிடும். வழியில் பர்லியாரில் நிறுத்தி மங்குஸ்தான் பேரம் பேசும் நேரத்தில் பிரேக்கும் ஆறிவிடும் என்பதால் நான் அங்கே நிற்பதை எப்போதும் ஆதரிப்பவன். சூடான டிஸ்க்கில் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும்.

ஹேண்ட் பிரேக் விஷயமும் இங்கே சகஜம். சரிவில் நிறுத்தும்போது எல்லோரும் பலம் கொண்ட மட்டும் இழுக்கிறோம். லிவருக்கு அடியில் இருக்கும் சின்ன சுவிட்சின் தகடு நாளடைவில் வளைந்துவிடும். லிவர் முழுதாக இறங்கியிருந்தும் குழியில் விழுந்தால் சிவப்பு மினுக்கும். விளக்கு எரியும்போது லிவரைக் கையால் கீழே அழுத்திப் பாருங்கள்; அணைந்தால் அதுதான்.

சிவப்பு எரிந்து, பெடலும் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ, அழுத்திப் பிடிக்கும்போது மெதுவாக அமிழ்ந்துகொண்டே போனாலோ வண்டியை இறக்காதீர்கள். குன்னூரிலேயே ஓரம் கட்டுங்கள். அன்றைக்கு மண்டி விலை எவ்வளவு ஏறியிருந்தாலும் சரி.

இப்போது மஞ்சள் விளக்குகளுக்கு வருவோம். வந்து வந்து போகும் பழுதில் எந்தப் பாகம் என்று கேட்பதைவிட எப்போது என்று கேட்டால் விடை சீக்கிரம் கிடைக்கும். நீங்கள் "வளைவில்" என்றும் "மழைக்கு மறுநாள்" என்றும் இரண்டு துப்பு கொடுத்திருக்கிறீர்கள். மூன்றாவது துப்பை நீங்களே அறியாமல் கொடுத்திருக்கிறீர்கள்: சென்சாரை மாற்றியதும் சில வாரம் சரியாக இருந்தது.

பழுது சென்சாரிலேயே இருந்திருந்தால் புது சென்சாரோடு தீர்ந்திருக்கும். சம்பந்தமே இல்லாத இடத்தில் இருந்திருந்தால் மறுநாளே வந்திருக்கும். சில வாரம் கழித்து வந்தது என்றால், சென்சாரை மாற்றும்போது கனெக்டரைக் கழற்றி மாட்டினார்களே, அந்த உரசலில் பின்களில் படிந்திருந்த பச்சை கொஞ்சம் விலகித் தொடர்பு கிடைத்திருக்கிறது, திரும்ப ஈரம் ஏறிப் பழைய நிலைக்கு வந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பல வண்டிகளில் சென்சாரும் அதன் வயரும் ஒரே துண்டாக வரும். அதை மாற்றினால் கனெக்டர் வரைக்கும்தான் புதிது. கனெக்டரின் மறுபாதியும், அங்கிருந்து மாட்யூல் வரை போகும் வயரும் பழையதுதான். ஸ்கேனரில் "முன் இடது வீல் ஸ்பீடு சென்சார்" என்று வந்தால் அது அந்தச் சுற்று முழுவதையும் குறிக்கும். சென்சார், அதற்கு எதிரே சக்கரத்தோடு சுற்றும் பல் வளையம், கனெக்டர், வயர், மாட்யூலின் உள்பக்கம் எல்லாம் அதில் அடக்கம். ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீட்டை (கோடு என்பார்கள்) பார்த்ததும் சென்சாரை மட்டும் மாற்றுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது.

ஆகவே முன் இடது சக்கரத்தில் ஆரம்பியுங்கள். ஸ்டியரிங்கை ஒருபக்கம் முழுதாகத் திருப்பி நிறுத்துங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள், சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மட்கார்டுக்குள் டார்ச் அடித்தால் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளிலிருந்து சேசிஸுக்குப் போகும் கறுப்பு வயர் தெரியும். இரண்டு மூன்று இடத்தில் ரப்பர் பிடிப்புகளில் நிற்க வேண்டும். ஒரு பிடிப்பு கழன்றிருந்தால், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது அந்த வயர் ஒரே இடத்தில் மடங்கி விரியும். குன்னூர் மேட்டுப்பாளையம் ரோட்டில் 14 கொண்டை ஊசி. கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் 36. கீழே சமவெளியில் ஓடும் வண்டியின் வயருக்கு இந்த வேலை கிடையாது. வெளியே ரப்பர் உறையில் ஒரு கீறல்கூட இருக்காது. விரலால் தடவிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் மட்டும் வயர் தொளதொளவென்று, எலும்பில்லாத மாதிரி மடங்கும். அங்கே உறையைப் பிரித்தால் செம்பு இழைகள் அறுந்து, மிச்சமிருப்பவை கறுத்து, பச்சைப் பொடி பூத்திருக்கும். நேராக நிற்கும்போது முனையும் முனையும் தொட்டுக்கொள்ளும், மல்டிமீட்டர் வைத்தால் தொடர்பு காட்டும். திருப்பினால் விலகும். ஒர்க்‌ஷாப்பில் நேராக நிறுத்திச் சோதித்து "வயர் ஓகே" என்று சொல்லிவிடுவது இதனால்தான். மல்டிமீட்டரை மாட்டிவைத்து, ஓர் ஆள் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே இருக்க, இன்னோர் ஆள் வயரை ஆட்டிப் பார்க்க வேண்டும்.

அறுந்திருந்தால் முறுக்கி டேப் சுற்றுவது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. மடங்கும் இடத்தில் ஒட்டுப் போடாமல் அந்த நீளத்தையே மாற்றுங்கள். ஒட்டு அசையாத இடத்தில் வரட்டும், மேலே பசை உள்ள சுருங்கும் குழாய் போடச் சொல்லுங்கள். இரண்டு வயரும் ஒன்றோடொன்று முறுக்கிப் போயிருந்தால் அதே முறுக்கை வைத்திருங்கள், வெளி மின் இரைச்சல் ஏறாமல் இருக்கத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

வயர் நன்றாக இருந்தால் கனெக்டர். கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பின்னில் பச்சையோ வெள்ளையோ இருந்தால் எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷால் தேய்த்துக் காயவிட்டு, ரப்பர் சீல் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்த சீலோடு எத்தனை முறை சுத்தம் செய்தாலும் அடுத்த மழையில் திரும்பும். தடிமனான மீட்டர் முனையைப் பெண் பின்னுக்குள் குத்தாதீர்கள். வாய் அகன்று அதுவே புதுப் பழுதாகிவிடும். ஒரு சின்ன சந்தேகம்: பாலாடா பக்கம் பலர் கேரட் கழுவும் பம்பிலேயே வண்டிச் சக்கரத்தையும் சேற்றோடு அடித்துக் கழுவிவிடுகிறார்கள். நீங்களும் அப்படியானால் அந்த வேகத் தண்ணீரை சென்சார், கனெக்டர் பக்கம் காட்டாதீர்கள். மழைக்குத் தாங்கும் சீல் அதற்குத் தாங்காது.

அடுத்தது பேரிங். விளக்கு இடது வளைவில் வருகிறதா, வலது வளைவிலா என்று ஒரு சவாரி முழுக்கக் கவனியுங்கள். வளைவில் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தில் ஏறும். எப்போதும் வலது பக்கம் திரும்பும்போதே வந்தால் இடது சக்கரத்தின் பேரிங்கில் ஆட்டம் இருக்கலாம். சென்சாரின் முனைக்கும் அதன் எதிரே சுற்றும் வளையத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளிதான். பேரிங் ஆடினால் அது கூடிக் குறையும், சிக்னல் விட்டு விட்டு வரும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், கையால் சுற்றி உறுமல் கேட்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் பேரிங்கின் சீலிலேயே காந்தம் பதித்த வளையம் இருக்கும். புது பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டால் காந்தப் பக்கம் சென்சாருக்கு எதிரே வராது, விளக்கும் அணையாது. முந்தைய சொந்தக்காரர் சமீபத்தில் பேரிங் மாற்றியிருந்தால் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். வண்டி நிற்கப்போகிற கடைசி சில அடிகளில், நடை வேகத்தில், பிரேக் பெடல் காலுக்கடியில் டர்ர்ரென்று உதறுகிறதா? காய்ந்த ரோட்டில் அப்படி உதறினால் பல் வளையத்தில் துரு ஏறி உப்பியிருக்கிறது, அல்லது விரிசல் விட்டிருக்கிறது, அல்லது சென்சார் முனையில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கிறது. மெதுவாகச் சுற்றும்போது சிக்னல் பலவீனமாகி, சக்கரம் பூட்டிக்கொண்டது என்று மாட்யூல் ஏமாந்துபோகிறது. பின்பக்கம் டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் இந்தத் தூசி அதிகம் சேரும்.

இனி ஸ்கேனர். ஆன்லைனில் கிடைக்கும் மலிவான ப்ளூடூத் கருவி பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை மட்டும்தான் படிக்கும். அவை பி என்று தொடங்கும். பிரேக் கோடுகள் சி என்று தொடங்குபவை, தகவல் தொடர்புக் கோடுகள் யு. ஏபிஎஸ்ஸுக்குள் போகும் ஸ்கேனர் உள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள். போய் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, அழிப்பதற்கு முன் எல்லாக் கோடுகளையும் போட்டோ எடுத்துக்கொள்வது. பழைய கோடு, இப்போதைய கோடு என்று பிரித்துக் காட்டும், அந்தப் பிரிவு முக்கியம். இரண்டாவது, நான்கு சக்கர வேகத்தையும் ஒரே திரையில் ஓடவிட்டு வண்டியை ஓட்டுவது. கோடு படிப்பதைவிட இது பத்து மடங்கு உபயோகம். நான்கு வேகமும் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒன்று மட்டும் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து எழும். அந்தச் சக்கரம்தான். வளைவில் வெளிச் சக்கரம் வேகமாகவும் உள் சக்கரம் மெதுவாகவும் காட்டுவது இயல்பு, அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க நேர் ரோடு வேண்டும். நீலகிரியில் அதற்கு எங்கே போவது? மேட்டுப்பாளையம் இறங்கி காரமடை பக்கம் ஒரு நடை ஓட்டிவிடுங்கள். ஆனால் பழுதைப் பிடிக்க வேண்டியது காட் ரோட்டில்தான். ஓட்டுவது ஒருவர், திரையைப் பார்ப்பது இன்னொருவர். இரண்டையும் ஒரே ஆள் செய்ய வேண்டாம்.

சென்சாரை மல்டிமீட்டரால் சோதிப்பதில் ஒரு கவனம். பழைய வகை சென்சார் வெறும் காந்தமும் சுருளும். அதில் ஓம் பார்க்கலாம், பொதுவாக 800 முதல் 2,500 ஓம் வரை இருக்கும். இடதும் வலதும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் போதும். புது வகை உள்ளே மின்னணுச் சில்லு உள்ளது. மாட்யூல் மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும், 7, 14 மில்லிஆம்பியர் என்று இரண்டு அளவுகளில் மாறி மாறிப் பதில் சொல்லும். அதில் ஓம் பார்ப்பதில் அர்த்தம் இல்லை, சில சமயம் கெட்டும்போகும். சாவியை ஆன் செய்து, வண்டிப் பக்கத்துக் கனெக்டரில் வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பழுது சென்சாருக்கு மேலே, வயரில் இருக்கிறது. இரண்டு வகையிலும் சென்சார் வயர் எதுவும் பாடியோடு தொடர்பு காட்டக் கூடாது.

மழைக்கு மறுநாள், குளிர் காலையில் என்று வரும்போது பேட்டரியையும் எர்த்தையும் (மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) விட்டுவிட முடியாது. டிசம்பர், ஜனவரியில் கேத்தி பள்ளத்தாக்கில் உறைபனி விழும் காலையில் பேட்டரியின் பலம் குறையும், இன்ஜினும் கனமாகச் சுற்றும். செல்ஃப் எடுக்கும்போது வோல்ட் ரொம்பக் கீழே விழுந்தால் மாட்யூல் பதறி விளக்கைப் போடும். இரவு முழுக்க நின்ற பேட்டரி 12.6 காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. விளக்கு ஸ்டார்ட் செய்த உடனேயே வந்தால் இங்கே தேடுங்கள். உங்களுக்கு ஓட்டத்தில் வருவதால் இது இரண்டாவது சந்தேகம்தான்.

ஆனால் எர்த்தைக் கட்டாயம் பாருங்கள், குறிப்பாக ஃபாக் லைட் கூடுதலாகப் போட்டிருந்தால். மலையில் யார் போடாமல் இருக்கிறார்கள்? ஒருமுறை என்னிடம் வந்த பிக்கப்பில் இரவில் மட்டும் ஏபிஎஸ் விளக்கு எரியும். பானெட்டைத் திறந்தால், ஏபிஎஸ் மாட்யூலின் எர்த் போல்ட்டிலேயே இரண்டு ஃபாக் லைட்டின் கறுப்பு வயரையும் சொருகி முடுக்கியிருந்தார்கள். அடியில் பெயின்ட்டைக்கூடச் சுரண்டவில்லை, வாஷருக்குக் கீழே துரு. லைட் போட்டதும் அந்த ஒரு போல்ட் வழியாக எல்லா மின்சாரமும் திரும்ப முட்டி மோதியது. வயரை வேறு போல்ட்டுக்கு மாற்றி, பழைய இடத்தைத் தகடு தெரியச் சுரண்டி முடுக்கியதோடு முடிந்தது. உங்கள் வண்டியில் சோதிக்க, இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஃபாக் லைட், ஹீட்டர் ஃபேன் எல்லாம் போட்டு, மாட்யூலின் எர்த் வயருக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். 0.1 வரை பரவாயில்லை. 0.2க்கு மேல் போனால் சுத்தம் செய்ய வேண்டும்.

விதை மூட்டை வைக்கும் ஷெட்டில் வண்டி நிற்கிறது என்றால் எலியையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பானெட்டுக்குள் புழுக்கை இருந்தாலே வயர் கட்டு முழுவதையும் பார்க்க வேண்டும்.

பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் ஸ்டாப் லைட் சுவிட்ச் சின்னதுதான், விலையும் குறைவு, ஆனால் டிராக்‌ஷன் விளக்கை அடிக்கடி எரியவைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. யாரையாவது பின்னால் நிறுத்தி, பெடலை லேசாகத் தொட்டும் முழுதாக அழுத்தியும் பாருங்கள். பின்னால் உள்ள பிரேக் விளக்கு தாமதமாக எரிந்தாலோ, விட்டபின் அணையாமல் நின்றாலோ மாற்றிவிடுங்கள். பின்னால் எல்இடி பல்பு மாற்றியிருந்தால் பழைய பல்பைப் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பதும் நல்லது.

டயர்: நான்கும் ஒரே அளவா, காற்று சரியா, ஒன்று மட்டும் புதிதா, ஸ்டெப்னி ஏதும் மாட்டி ஓடுகிறதா. சுற்றளவு மாறினால் வேகக் கணக்கு மாறும்.

ஸ்டியரிங் ஆங்கிள் சென்சார் என்று ஒன்று உண்டு. பேட்டரி கழற்றி மாட்டிய பின்போ, அலைன்மென்ட் செய்த பின்போ டிராக்‌ஷன் விளக்கு மட்டும் வந்தால் ஸ்கேனரில் அதை மறுபடி நேர்ப்படுத்தச் சொல்லுங்கள். உங்களுக்கு ஏபிஎஸ்ஸும் சேர்ந்து வருவதால் இதில் நேரம் செலவழிக்க மாட்டேன்.

தோட்டத்துச் சேற்றில் ஏறும்போது வழுக்கும் கார் விளக்கு மினுக்கினால் அது பழுது இல்லை, டிராக்‌ஷன் கன்ட்ரோல் வேலை செய்கிறது என்று பொருள். நிலையாக எரிந்தால்தான் அது நின்றுவிட்டது. ஃபோர் லோ (நான்கு சக்கரமும் குறைந்த கியரில் இழுப்பது) போட்டதும் அது தானாக எரிவதும் பல பிக்கப்புகளில் இயல்புதான்.

இவ்வளவும் பார்த்து ஒன்றும் இல்லை என்றால் அப்போது மாட்யூல். அதற்கும் அடையாளம் உண்டு. ஸ்கேனரால் ஏபிஎஸ்ஸுக்குள்ளேயே நுழைய முடியாமல் போவது, யு0121 போல "ஏபிஎஸ் பேசவில்லை" என்ற கோடு மற்ற கணினிகளில் பதிவது, நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் காணாமல் போவது, பம்ப் மோட்டார் கோடு வருவது, இன்ஜின் சூடானதும் வந்து ஆறியதும் போவது. அப்போதும் முதலில் அதன் ஃபியூஸ்களைப் பாருங்கள். மோட்டாருக்கு ஒன்று, வால்வுகளுக்கு ஒன்று என்று பானெட்டுக்குள் பெட்டியில் இருக்கும். உண்மையிலேயே போயிருந்தாலும், பல மாட்யூல்களில் மின்னணுப் பகுதியை மட்டும் ஹைட்ராலிக் கட்டையிலிருந்து பிரித்துச் சரிசெய்து தருபவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பிரித்தால் பிரேக் பைப்பைத் திறக்க வேண்டியதில்லை, பைப்பில் புகுந்த காற்றை எடுக்க வேண்டியதும் இல்லை. முழுதாக மாற்றினால் ஸ்கேனர் வைத்துத்தான் காற்று எடுக்க வேண்டியிருக்கும், வண்டிக்கேற்ற விவரங்களை மாட்யூலில் பதிக்கவும் (கோடிங்) வேண்டும். பழைய சந்தையில் வாங்கி மாட்டும் யோசனை சொன்னால், கோடிங் செய்து தருவீர்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

செய்யக் கூடாததும் ஒன்று இருக்கிறது. மீட்டரில் பல்பைக் கழற்றித் தருகிறேன், ஃபியூஸைப் பிடுங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம் ஆயில் தீர்ந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வாரம் ஆயில் மட்டமும் பேடும், முன் இடது வயரும் கனெக்டரும், மாட்யூலின் எர்த்தும் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஸ்கேனர்காரரை வண்டியில் ஏற்றிக்கொண்டு பர்லியார் வரை இறங்குவேன். இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள். விளக்கு எரியும் வண்டியில் இது இரட்டிப்பு அவசியம். போனை ஓட்டாதவர் கையில் கொடுத்து, விளக்கு வந்த வளைவின் எண், எந்தப் பக்கம் திரும்பியது, பிரேக்கில் கால் இருந்ததா, சிவப்பு கூட வந்ததா என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பை மெக்கானிக்கிடம் கொடுத்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

வயரைச் சரிசெய்த உடனே விளக்கு அணையவில்லை என்றால் சோர்ந்துபோக வேண்டாம். சென்சார் பழுது பதிவான பிறகு பல வண்டிகளில் சக்கரம் சுற்றி, சிக்னல் ஒழுங்காக வருவதை மாட்யூல் பார்த்த பிறகுதான் அணையும். கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். ஸ்டார்ட் செய்து முதல்முறை நகரும்போது பானெட்டுக்குள் ஒரு சின்ன கிர்ர் சத்தம் கேட்கலாம். ஏபிஎஸ் பம்ப் தன்னைச் சோதித்துக்கொள்ளும் சத்தம் அது. இத்தனை நாள் அது கேட்காமல் இருந்து இப்போது கேட்டால் நல்ல செய்திதான்.